முடியும் முகக்கண்ணாடியும்

பள்ளி ஆண்டு விழாவில் நிலவுக்குச் சென்ற வீரனாக ஒரு மாணவன் மேடை ஏற வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அட்டையையும் பழைய தாள்களையும் பசையில் ஊறவைத்து அவன் ஒரு தலைக்கவசம் செய்துவிடலாம். அதற்கு வெள்ளை வண்ணமும் பூசிவிடலாம். ஆனால் முகத்துக்கு முன்னால் குமிழி போல் புடைத்து நிற்க வேண்டிய தெளிந்த முகக்கண்ணாடிக்கு அவன் எங்கே போவான்? தட்டையான பிளாஸ்டிக் தகடு கடையில் கிடைக்கும். குமிழி கிடைக்காது. தட்டையான தகட்டைக் குமிழியாக்குவது எவ்வாறு என்பதே இன்று நான் உங்களிடம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

சிறு பொருள்தானே என்று எண்ணிவிடாதீர்கள். இந்த ஒரு முகக்கண்ணாடிக்குள் மூன்று நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு அடங்கியிருக்கிறது. அந்த வரலாற்றின் ஒரு முனையில் ஐரோப்பிய அறிஞர்கள் நிற்கிறார்கள். மற்றொரு முனையில் நம் கள்ளக்குறிச்சி வட்டாரத்து மரச்சிற்பிகள் நிற்கிறார்கள். இடையில் ஒரு நீதிமன்றமும் வருகிறது. ஒரு வடிவத்தை உண்டாக்கியவர் யார், அந்த வடிவம் யாருக்கு உரியது என்னும் வினாவை அந்த நீதிமன்றம் ஆராய வேண்டியதாயிற்று. அந்த வினா நமக்கும் உரியது என்பதை இப்பேச்சின் முடிவில் நீங்களே உணர்வீர்கள்.

வேடத்துக்கு உரிய தலையணி செய்யும் கலை நம் நாட்டுக்குப் புதியதன்று. வட தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் தெருக்கூத்து நடக்கும்போது, துரியோதனனும் அருச்சுனனும் அணிந்து வரும் முடிகளை நீங்கள் கண்டிருப்பீர்கள். முடி, தோளில் புஜகீர்த்தி, மார்பில் பதக்கம் ஆகிய இவையெல்லாம் மரத்தால் செய்யப்படுவன. அந்த மரம் கனமாக இருத்தல் ஆகாது. இரவு தொடங்கி விடியும்வரை ஆடவேண்டிய கலைஞன் தேக்கு மரத்தைத் தலையில் சுமந்து ஆட முடியுமா? ஆதலால் கல்யாண முருங்கை என்னும் மென்மையான, எடை குறைந்த மரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அதைச் செதுக்கி, வண்ணத் தாளும் சரிகைத் தாளும் ஒட்டி, சிறு சிறு கண்ணாடித் துண்டுகளைப் பதித்தார்கள். தீவட்டி வெளிச்சத்தில் அந்தத் துண்டுகள் ஒவ்வொன்றும் ஒரு சுடராக மின்னும். பொருளின் எடை, ஆடுபவனின் கழுத்து, பார்ப்பவரின் தொலைவு, கிடைக்கும் வெளிச்சம் ஆகிய நான்கையும் எண்ணிச் செய்த பொருள் அது. வேடத் தலைக்கவசம் செய்யும் எவரும் இன்றும் எண்ண வேண்டியவை இந்த நான்குமே.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் உளுந்தூர்ப்பேட்டை வட்டத்தில் கூவாகம் என்னும் ஊர் இருக்கிறது. அங்குள்ள கூத்தாண்டவர் கோயிலில் சித்திரைப் பௌர்ணமியை ஒட்டி நடைபெறும் விழாவை நாடே அறியும். கூத்தாண்டவர் என்பவர் பாரதக் கதையில் வரும் அரவான். களப்பலியாகத் தன்னைக் கொடுத்த அரவான், போர் முடியும்வரை தன் தலை அதனைக் காண வேண்டும் என்று வரம் பெற்றதாகத் தமிழ்நாட்டுக் கதை கூறும். விழாவில் மக்கள் வணங்குவது அவருடைய பெரிய திருமுகத்தை. தலையும் முகமும் கண்ணும் இந்த வட்டாரத்து மக்களின் கற்பனையில் எத்துணை ஆழமாகப் பதிந்துள்ளன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

இனி, கள்ளக்குறிச்சியின் மரச்சிற்பத்தைப் பற்றிச் சிறிது கூறுகிறேன். கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் ஆகிய வட்டங்களில் இக்கலை சிறப்பாக நடைபெறுகிறது. மதுரையில் அரசர்களின் ஆதரவில் வளர்ந்த மரச்சிற்பக் கலையைக் கற்ற கைவினைஞர்கள் பல ஊர்களுக்கும் குடிபெயர்ந்தபோது, அக்கலை இவ்வட்டாரத்துக்கும் வந்தது என்பர். தெய்வத் திருவுருவங்கள், கதவு நிலைகள், பூசை மண்டபங்கள், தசாவதாரப் பலகைகள் ஆகியவற்றை இங்குள்ளவர்கள் செதுக்குகிறார்கள். 2021ஆம் ஆண்டில் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. மாவட்டம் தனியாக அமைந்தது 2019 நவம்பரில்தான். மாவட்டத்தைவிட மரச்சிற்பம் மூத்தது.

உளியும் கொட்டாப்புளியும் கொண்டு அவர்கள் வேலை செய்வதை நான் அருகில் நின்று பார்த்திருக்கிறேன். தட்டையான பலகையின்மேல் முதலில் கோடு வரைகிறார்கள். பிறகு தேவையற்ற மரத்தை நீக்குகிறார்கள். கன்னம் எவ்வளவு புடைக்க வேண்டும், கண் எவ்வளவு உள்வாங்க வேண்டும் என்பதை அளவுகோல் சொல்வதைக் காட்டிலும் விரல் நுனி விரைவாகச் சொல்லிவிடுகிறது. வளைந்த பரப்பை அறியும் அறிவு அந்த விரலில் இருக்கிறது. இந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டு நம் முகக்கண்ணாடிக்குத் திரும்புவோம்.

தட்டையான தகட்டை வளைத்தால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். 2020ஆம் ஆண்டில் கொள்ளைநோய் பரவியபோது நாம் அணிந்த முகக்காப்புகள் பெரும்பாலும் அவ்வாறு வளைத்தவையே. ஆனால் அவை ஒரு திசையில் மட்டும் வளைந்தவை. நெற்றியைச் சுற்றி வளையும். மேலிருந்து கீழாக நேராகவே இருக்கும். குமிழியோ இரண்டு திசையிலும் வளைய வேண்டும். ஓர் இலையை எடுத்துத் தொன்னை தைத்துப் பாருங்கள். இலை தானாகக் கிண்ணமாகாது. ஓரங்களை மடித்து ஈர்க்கினால் குத்த வேண்டும். அந்த மடிப்பு ஏன் விழுகிறது? கிண்ணத்தின் பரப்பும் இலையின் பரப்பும் ஒன்றோடொன்று பொருந்தாதவை என்பதால்தான். நீட்டாமலும் சுருக்காமலும் மடிக்காமலும் ஒரு தட்டைப் பரப்பைக் கோளத்தின்மேல் போர்த்த இயலாது என்னும் உண்மை, ஜெர்மானியக் கணித மேதை காஸ் 1827இல் நிறுவிய தேற்றத்திலிருந்து பெறப்படுவது. தொன்னை தைக்கும் பாட்டிமார் அந்தத் தேற்றத்தைப் படித்தவர்கள் அல்லர். ஆனால் அதன் விளைவை நன்கு அறிந்தவர்கள்.

முகக்கண்ணாடியில் மடிப்பு விழுந்தால் பார்வை கெடும். ஆகவே தகடு நீண்டே தீர வேண்டும். நீள்வதற்கு அது இளக வேண்டும். இளகிய தகட்டை எல்லாப் பக்கத்திலும் ஒரே சீராக அழுத்த வேண்டும். கையால் அழுத்தினால் கைத்தடம் பதியும். கருவியால் அழுத்தினால் கருவியின் தடம் பதியும். எங்கும் ஒரே அளவாக அழுத்தவும் வேண்டும், தன் சுவட்டை விட்டுச் செல்லாமலும் இருக்க வேண்டும். அத்தகைய கை ஒன்று உலகில் உண்டா? உண்டு. அதுதான் காற்று.

காற்றுக்கு எடை உண்டு என்பதை மனிதன் அறிந்தது 17ஆம் நூற்றாண்டில். 1643இல் இத்தாலியில் டாரிசெல்லியின் திட்டப்படி ஒரு சோதனை நடந்தது. ஒரு நீண்ட கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை நிரப்பிப் பாதரசக் கிண்ணத்தில் கவிழ்த்தார்கள். பாதரசம் முழுவதும் கீழே இறங்கிவிடவில்லை. ஏறத்தாழ 76 சென்டிமீட்டர் உயரத்தில் நின்றுவிட்டது. குழாயின் மேற்பகுதியில் இருந்த வெற்றிடம் பாதரசத்தைப் பிடித்து இழுக்கிறது என்று பழைய கொள்கையினர் எண்ணினர். டாரிசெல்லி அவ்வாறு எண்ணவில்லை. வெளியில் உள்ள காற்றின் எடை கிண்ணத்துப் பாதரசத்தை அழுத்தி, குழாய்ப் பாதரசத்தைத் தாங்குகிறது என்றார். நாம் காற்றுக் கடலின் அடித்தளத்தில் வாழ்கின்றோம் என்னும் கருத்தை அவர் 1644இல் ஒரு நண்பருக்கு எழுதினார்.

இதை உறுதிசெய்ய ஒரு மலை வேண்டியிருந்தது. பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் தம் தமக்கையின் கணவர் பெரியே என்பவரை வேண்டிக்கொள்ள, அவர் 1648 செப்டம்பர் 19ஆம் நாள் பாதரசக் குழாயை எடுத்துக்கொண்டு புய் தெ டோம் என்னும் மலைமேல் ஏறினார். உச்சியில் பாதரசம் ஏறத்தாழ மூன்று அங்குலம் இறங்கியிருந்தது. மலைமேல் காற்றுக் கடலின் ஆழம் குறைவு; ஆதலால் அழுத்தமும் குறைவு. வெற்றிடம் இழுக்கிறது என்பது உண்மையானால், மலை ஏறியதும் அதன் வலிமை குறைவானேன்?

இச்சோதனையை நம் கல்வராயன் மலையிலும் மனத்தால் நடத்திப் பார்க்கலாம். கோமுகி ஆறு பிறக்கும் அம்மலைத் தொடரில் 3000 அடி உயரமுள்ள இடங்கள் உண்டு. கடல் மட்டத்தில் 76 சென்டிமீட்டர் நிற்கும் பாதரசம், அந்த உயரத்தில் ஏறத்தாழ 68 சென்டிமீட்டர்தான் நிற்கும். அதாவது பத்தில் ஒரு பங்கு அழுத்தம் குறைந்துவிடுகிறது. கோமுகி ஓடி இறங்கும் சமவெளியில் ஒருவன் முகக்கண்ணாடி செய்து, அதே பொறியைக் கல்வராயன் மலையின் உச்சிக்கு எடுத்துச் சென்று மறுபடியும் செய்தால், அங்கே தகட்டை அழுத்தும் விசை சற்றுக் குறைவாகவே இருக்கும். பொறி மாறவில்லை, காற்றுத்தான் மாறியிருக்கிறது.

பாஸ்கலுக்குப் பின் ஜெர்மனியில் மாக்டபர்க் நகரத் தலைவர் ஓட்டோ வான் கெரிக் காற்றை வெளியேற்றும் பம்பு ஒன்றைச் செய்தார். இரண்டு செம்பு அரைக்கோளங்களைப் பொருத்தி, உள்ளே இருந்த காற்றை நீக்கி, இருபுறமும் குதிரைகளைப் பூட்டி இழுக்கச் செய்தார். 1650களில் மக்கள் வியந்து நோக்கிய காட்சி அது. குதிரைகள் பிரிக்க முடியாத அளவுக்கு அந்தக் கோளங்களை இறுக்கிப் பிடித்தது சுற்றிலும் இருந்த காற்றே.

காற்றின் வலிமையை அறிந்தாயிற்று. அதற்கு இசைந்து கொடுக்கும் தெளிந்த பொருள் வேண்டுமே! கண்ணாடி தெளிவானது, ஆனால் அதை இளகச் செய்யும் சூடு வீட்டு அடுப்புக்கு எட்டாதது. அமெரிக்காவில் ஜான் வெஸ்லி ஹையாட் 1870இல் உரிமம் பெற்ற செல்லுலாயிட் சிறு சூட்டிலேயே இளகியது. ஆனால் எளிதில் தீப்பற்றியது. நாளடைவில் மஞ்சள் நிறமும் ஏறியது. 1930களில்தான் அக்ரிலிக் தகடு வந்தது. ஜெர்மனியில் பிளெக்ஸிகிளாஸ் என்றும் இங்கிலாந்தில் பெர்ஸ்பெக்ஸ் என்றும் அதற்குப் பெயரிட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் விமானியின் தலைக்கு மேல் குமிழி போல் கவிந்து நின்ற கூரை அக்ரிலிக்கால் ஆனது. சூடேற்றிய தகட்டைக் காற்றால் ஊதிப் புடைக்கச் செய்து, அச்சின்மேல் படாமலே குமிழியாக்கும் முறையும் அப்போது கையாளப்பட்டது. எதன்மீதும் படாததால் அதில் தடம் இல்லை; விமானியின் பார்வை தெளிவாக இருந்தது.

1953இல் ஜெர்மனியில் ஹெர்மன் ஷ்னெல் என்பவரும், அமெரிக்காவில் டேனியல் பாக்ஸ் என்பவரும், ஒருவரை ஒருவர் அறியாமலே பாலிகார்பனேட் என்னும் பொருளைக் கண்டார்கள். அடித்தாலும் எளிதில் உடையாத தெளிந்த பொருள் அது. 1969இல் நிலவில் நடந்த வீரர்களின் குமிழித் தலைக்கவசம் பாலிகார்பனேட்டால் ஆனது. அதற்கு மேல் அணிந்த புறக்காப்பில் சூரிய ஒளியைத் தடுக்கப் பொன் படலம் பூசியிருந்தது. நம் கூத்துக் கலைஞனின் முடியில் பதித்த கண்ணாடித் துண்டு ஒளியைப் பார்வையாளர்மேல் வீசுவதற்கு உரியது. நிலவு வீரனின் பொன் படலம் ஒளியைத் திருப்பி அனுப்பி அவன் கண்ணைக் காப்பதற்கு உரியது. தலையணியில் ஒளியை ஆளும் கலை இரண்டிலும் உண்டு.

இனி வேலை முறைக்கு வருவோம். முதலில் ஓர் அச்சு வேண்டும். முகக்கண்ணாடி எந்த வடிவில் அமைய வேண்டுமோ அந்த வடிவில் மரத்தைச் செதுக்க வேண்டும். பக்கங்கள் செங்குத்தாக நின்றால், குளிர்ந்த தகடு அச்சைக் கவ்விக்கொள்ளும், கழற்ற வராது. ஆகவே பக்கங்கள் சற்றே சரிந்திருக்க வேண்டும். அச்சைத் துளைகள் இட்ட ஒரு பலகையின்மேல் வைக்க வேண்டும். அதன் கீழே காற்றுப் புகாத ஒரு பெட்டி. பெட்டியிலிருந்து ஒரு குழாய், வீட்டில் தூசி உறிஞ்சப் பயன்படும் பொறிக்குச் செல்லும். அச்சில் குழிந்த இடங்கள் இருந்தால் அங்கும் ஒரு மில்லிமீட்டருக்கு மிகாத சிறு துளைகள் இட வேண்டும். இல்லாவிட்டால் காற்று அங்கே சிறைப்பட்டு, தகடு முழுமையாகப் படியாது.

தகட்டைச் சட்டத்தில் இறுக்கிச் சூடேற்ற வேண்டும். பெட்ஜி எனப்படும் தெளிந்த தகடு தொடக்க நிலையினர்க்கு ஏற்றது. ஏறத்தாழ 130 முதல் 150 பாகை செல்சியஸ் வெப்பத்தில் அது நன்கு இளகும். பாலிகார்பனேட் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். முன்னதாகப் பல மணி நேரம் உலர்த்தாவிட்டால் சூட்டில் குமிழி குமிழியாகப் பொங்கிவிடும். கொடியில் போட்ட ஈர வேட்டி நடுவில் தொய்வதுபோல் தகடு தொய்யத் தொடங்கியதும், அதை அச்சின்மேல் கவிழ்த்து, ஓரங்களில் காற்று புகாமல் பொருத்தி, பொறியை இயக்க வேண்டும். சில நொடிகளில் தகடு அச்சைத் தழுவிக்கொள்ளும். குளிர்ந்த பின் கழற்றி, ஓரத்தை வெட்டி, தேய்த்துக் கவசத்தில் பொருத்தலாம்.

இங்கே சிறிது கணக்குப் போட்டுப் பார்ப்போம். 40 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் உள்ள தகட்டின் பரப்பு 1200 சதுர சென்டிமீட்டர். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர்மேலும் காற்று ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடையளவு அழுத்துகிறது. அடியில் முழு வெற்றிடம் ஏற்பட்டால் தகட்டின்மேல் 1200 கிலோகிராம் எடை ஏறியதாகும். வீட்டுப் பொறி முழு வெற்றிடத்தை உண்டாக்காது. ஐந்தில் ஒரு பங்கே உண்டாக்கும் என்று கொண்டாலும் 240 கிலோகிராம். அதாவது மூன்று நெல் மூட்டைக்கு மேற்பட்ட எடை. பொறியின் இரைச்சலைக் கேட்டு, அதுவே தகட்டை இழுக்கிறது என்று நாம் எண்ணுகிறோம். பொறி வழியை மட்டும் திறந்துவிடுகிறது. வேலை செய்வது ஓசையின்றி மேலே நிற்கும் காற்று.

மற்றொரு கணக்கும் உண்டு. வட்டமான தகடு அரைக்கோளமாக நீண்டால் அதன் பரப்பு இரு மடங்காகும் என்பதை வடிவியல் கற்ற நீங்கள் அறிவீர்கள். பொருள் கூடவில்லை, பரப்பு மட்டும் இரட்டித்தது. ஆகவே 2 மில்லிமீட்டர் தகடு சராசரியாக 1 மில்லிமீட்டராக மெலியும். அச்சின் உச்சியை முதலில் தொட்ட பகுதி விரைவில் குளிர்ந்து தடிப்பாகவே நிற்கும். கடைசியில் படியும் அடியோரம் மிகவும் மெலிந்துவிடும். இதனால்தான் இவ்வாறு செய்த முகக்கண்ணாடியை மேடை வேடத்துக்கு மட்டுமே கொள்ள வேண்டும். மோட்டார் சைக்கிளில் செல்லும்போதோ, பட்டறையில் வேலை செய்யும்போதோ அது உயிரைக் காக்கும் என்று நம்பிவிடாதீர்கள். மூச்சு வெளியேற வழியும் விட வேண்டும். இல்லாவிட்டால் உட்புறம் பனி படர்ந்து பார்வை மறையும். பி.வி.சி. தகட்டைச் சூடேற்றுதல் ஆகாது; கருகினால் அதிலிருந்து கேடான புகை வரும். சூடேற்றும் வேலை பெரியவர் ஒருவர் உடனிருக்க நடைபெற வேண்டும்.

இவ்வளவும் கூறியபின் ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இந்த வேலையில் மிகக் கடினமானது எது? சூடேற்றுவதன்று, பொறியை இயக்குவதும் அன்று. அச்சு செய்வதே கடினமானது. தெளிந்த தகடு தான் தொட்டதையெல்லாம் காட்டிக்கொடுக்கும். மரத்தின் வரி பதியும். உளியின் தடம் பதியும். ஒட்டியிருக்கும் ஒரு தூசுகூடப் பதியும். ஆதலால் அச்சை மீண்டும் மீண்டும் தேய்த்து, மெருகெண்ணெய் பூசி, அதன் பின்னும் சிலர் மெல்லிய கம்பளித் துணியைப் போர்த்துவார்கள். தெய்வ உருவத்தைச் செதுக்கும் சிற்பியின் கைத்திறனை அவர் விட்ட உளித்தடத்தில் நாம் காண்கிறோம். முகக்கண்ணாடிக்கு அச்சு செதுக்குபவரோ தம் கைத்தடம் ஒன்றையும் விடாமல் துடைத்துவிட வேண்டும். வேலை எவ்வளவுக்குச் சிறந்ததோ, அவ்வளவுக்கு அவர் மறைந்துபோகிறார். காணாத காற்றை மறந்து பொறியைப் புகழ்வது போலவே, காணாத அச்சுக்காரரை மறந்து படியெடுத்தவரைப் புகழ்வதும் உலக வழக்கமாயிற்று.

இதனால் விளைந்த ஒரு வழக்கைக் கேளுங்கள். 1976இல் இங்கிலாந்தில் ஒரு திரைப்படத்துக்காக வெள்ளைத் தலைக்கவசங்கள் தேவைப்பட்டன. 1977இல் வெளிவந்து உலகப் புகழ் பெற்ற 'ஸ்டார் வார்ஸ்' என்னும் படம் அது. ரால்ப் மெக்குவாரி என்னும் ஓவியர் படம் வரைந்தார். நிக் பெம்பர்டன் என்பவர் அதைப் பார்த்துக் களிமண்ணில் உருவம் செய்தார். ஆண்ட்ரூ ஐன்ஸ்வொர்த் என்பவர் வெற்றிட அச்சு முறையில் 50 கவசங்கள் செய்துகொடுத்தார். உலகெங்கும் சிறுவர்கள் அவற்றை விரும்பினார்கள். 2004இல் ஐன்ஸ்வொர்த் அதே வடிவில் கவசங்கள் செய்து விற்கத் தொடங்கினார். படம் எடுத்த நிறுவனம் வழக்குத் தொடுத்தது. அமெரிக்க நீதிமன்றம் 2006இல் நிறுவனத்துக்கு 2 கோடி டாலர் தீர்ப்பளித்தது. இங்கிலாந்தில் வழக்கு உச்சநீதிமன்றம்வரை சென்றது.

அங்கு எழுந்த வினா எளியது, விடை அரியது. அந்தத் தலைக்கவசம் சிற்பமா, அன்றா? சிற்பம் என்றால் அந்நாட்டுச் சட்டப்படி நெடுங்காலம் பதிப்புரிமை உண்டு. 2011 ஜூலை 27ஆம் நாள் உச்சநீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. கவசம் சிற்பம் அன்று. படம் எடுப்பதற்குப் பயன்பட்ட ஒரு கருவி. கலைப்படைப்பு என்பது திரைப்படமே என்று கூறியது. அதே வேளையில், அமெரிக்கப் பதிப்புரிமையை மீறியதற்காக இங்கிலாந்து நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கலாம் என்றும் கூறியது. ஆகவே இரு தரப்புக்கும் வெற்றி பாதி, தோல்வி பாதி. இந்த வழக்கில் ஒன்றைக் கவனியுங்கள். படத்தை வரைந்தவர், களிமண்ணைப் பிசைந்தவர், தகட்டை வார்த்தவர், திரையில் காட்டியவர் என நால்வர் கை அந்த வடிவத்தில் உண்டு. உலகம் அறிந்ததோ திரையின் பெயரை மட்டுமே.

இந்த வினா கள்ளக்குறிச்சிக்கு எட்டாத தொலைவில் இல்லை. ஒரு சிற்பி மரத்தில் ஒரு முகம் செதுக்குகிறார். ஒருவர் அதை விலைக்கு வாங்கிச் சென்று, அதன்மேல் இளகிய தகட்டைக் கவிழ்த்தால், ஒரு பிற்பகலிலேயே நூறு முகங்கள் கிடைத்துவிடும். மரத்தைச் செதுக்கப் பல நாள் ஆயிற்று. படியெடுக்கச் சில நொடி போதும். நம் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் சிற்பத்தைக் கலைப்படைப்பாக ஏற்கிறது. வார்ப்புகளையும் மாதிரி உருவங்களையும்கூடச் சிற்பம் என்பதில் சேர்க்கிறது. ஆனால் அதே சட்டத்தின் 15ஆம் பிரிவு ஒரு வரம்பையும் வகுத்திருக்கிறது. வடிவமைப்புச் சட்டத்தின்கீழ்ப் பதியத்தக்க ஒரு வடிவத்தைப் பதியாமல் விட்டு, உரிமையாளரோ அவர் இசைவு பெற்றவரோ தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் படியெடுத்துவிட்டால், அவ்வடிவத்தின் பதிப்புரிமை அற்றுப்போகும். பொறிக்கு அச்சு செதுக்கித் தரும் கைவினைஞர் இதனை அறிந்திருக்க வேண்டும். அறியாமல் இசைவு தந்துவிட்டால், 51ஆம் படி வெளிவரும் நாளில் அவர் கையில் உரிமை இராது.

புவிசார் குறியீடு இதற்கு மருந்தாகாதா என்று கேட்கலாம். ஓரளவுக்கு ஆகும். வேறு ஊரில் செய்த பொருளைக் கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் என்று சொல்லி விற்பதை அது தடுக்கும். ஊரின் பெயரையும் கலையின் பெயரையும் காக்கும். ஆனால் ஒரு தனிச் சிற்பி செதுக்கிய ஒரு குறிப்பிட்ட வடிவத்துக்கு அது காவல் நிற்பதில்லை. ஊரின் பெயர் நிலைக்கிறது. செய்தவரின் பெயர் நிலைப்பதற்கு வேறு வழி தேட வேண்டும். சட்டம் அறிந்த இளைஞர்கள் இவ்வட்டாரத்தில் பெருகினால் அந்த வழி தோன்றும்.

பொறியைக் கண்டு நாம் அஞ்ச வேண்டுவதில்லை என்பதே என் கருத்து. வெற்றிட அச்சு முறை மரச்சிற்பியை வீழ்த்தப் பிறந்ததன்று. நல்ல அச்சு இல்லாமல் அந்தப் பொறியால் ஒன்றும் செய்ய இயலாது. வளைந்த பரப்பை விரலால் அறியும் அறிவு படைத்த கைவினைஞர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். மேடைக்கும் திரைப்படத்துக்கும் பள்ளிகளின் அறிவியல் கண்காட்சிகளுக்கும் அச்சு செதுக்கும் புதுத் தொழில் அவர்களுக்கு ஏற்றதே. கல்யாண முருங்கையில் முடி செதுக்கிய கைக்கு, குமிழி முகக்கண்ணாடிக்கு அச்சு செதுக்குவது அருமையன்று. அத்தொழில் வளரும்போது கூலி மட்டும் அவர்களுக்குச் சேர்ந்து உரிமை வேறிடம் போய்விடாதபடி பார்த்துக்கொள்வது படித்தவர்களாகிய நம் கடமை.

மாணவர்களே, நீங்கள் முகக்கண்ணாடி செய்வீர்களானால், காற்றின் எடையை ஒரு முறை கணக்கிட்டுப் பாருங்கள். அச்சு செதுக்கிக் கொடுத்தவரிடம், அதிலிருந்து எத்தனை படி எடுக்கப்போகிறீர்கள் என்பதை முன்னதாகவே சொல்லி இசைவு பெறுங்கள். முடிந்த கவசத்தின் உட்புறத்தில், உங்கள் பெயருக்கு மேலே, அவருடைய பெயரை எழுதுங்கள். மேடையில் அது எவர் கண்ணுக்கும் தெரியாது. எனினும் அந்தக் கவசத்தை அணியும் ஒவ்வொருவரும் தலையில் வைக்குமுன் அந்தப் பெயரைப் படிப்பார்கள்.